இருபதாவது நிமிடம்

லாஹ்தியில் மார்ச் மாதம்.
கொட்டகைக்கு வெளியே முழங்கால் வரை பனி.
உள்ளே அந்தக் கார்,
கூரை இல்லை, சக்கரங்கள் வெளியே துருத்திக்கொண்டு,
யாரோ ஓர் ஒல்லி மனிதனுக்காக
யாரோ பற்றவைத்த குழாய்க் கூடு.

நான் ஒல்லி இல்லை.
ஐந்தடி பத்தங்குலம், அகலமான இடுப்பு.
வாரத்தில் ஐந்து நாள் நகரப் பேருந்து ஓட்டுகிறேன்.
அந்த இருக்கையில் சம்மணமிட்டும் உட்காரலாம்.

"ஏறு" என்றார் வோய்த்தோ.
ஏறுவதா?
ஈரமான கால்சட்டைக்குள் நுழைவதுபோல
ஒவ்வொரு காலாக நுழைந்தேன்.
முட்டி ஸ்டியரிங்கில் இடித்தது.
முழங்கை கியர்க் கம்பியில்.
தோள்கள் இரண்டும் முண்டியடித்தன,
மூன்றரை மணிக்கு என் முன்வாசலில்
பள்ளிப் பிள்ளைகள் முண்டுவதுபோல.
பிரேக்கை மிதித்தால் கிளட்சும் சேர்ந்து போனது:
நாற்பத்து மூன்றாம் அளவுக் காலணி.

இஸ்மோ சிரித்தான்.
பிறகு நெற்றி விளக்கை மாட்டிக்கொண்டு
காரின் மூக்குக்குள் தலையை விட்டான்.
ஒரு மணி நேரம் நான் பார்த்தது
அவன் காலுறைகளை மட்டும்.
ஒன்று நீலம், ஒன்று சாம்பல்.
பெடல் தகடு மூன்று துளை முன்னே போனது.
ஸ்டியரிங் ஒரு விரல் உயர்ந்தது; தொடை தப்பியது.
இரும்பு வளைவுகளின் மேல் துடைப்பக் கழியைக் கிடத்தி
தலைக்கவசத்துக்கும் கழிக்கும் நடுவே
வோய்த்தோ தன் விரல்களை நுழைத்துப் பார்த்தார்.
"இரண்டு விரல் வேண்டும்."
"யார் விரல்?"
"என்னுடையது. தடித்தது. அதனால் நல்லது."

பிறகு குப்பைப் பைகள்.
முதுகுக்குப் பின்னே ஒன்று, தொடைக்கடியில் ஒன்று.
இரண்டு டப்பாத் திரவத்தைக் கலக்கி
இருபது எண்ணி ஊற்றினார்.
புளித்த மாவுபோல எழுந்தது நுரை,
வெதுவெதுப்பாக,
விலாவுக்கும் இரும்புக்கும் இடையில் வழி கேட்டு,
இடுப்பின் பள்ளத்தில் கொஞ்சம் தயங்கி.
"அசையாதே. ஓட்டும்போது எப்படி மூச்சு விடுவாயோ
அப்படி விடு."
இந்தக் காரை நான் இன்னும் ஓட்டியதே இல்லை.
தெரிந்தவள்போல விட்டேன்.
மூக்கு அரித்தது.
மேசையில் என் தொலைபேசி அடித்து, ஓய்ந்து, மறுபடி அடித்தது.

இறுகியதும் பட்டைகளை மாட்டினார்கள்.
"வசதியா?" என்றான் இஸ்மோ.
"வசதி."
வோய்த்தோ காப்பி ஊற்றிக்கொண்டிருந்தார்.
"முதல் நிமிடத்தில் எல்லா நாற்காலியும் நல்ல நாற்காலிதான்.
இருபதாவது நிமிடத்தில் சொல்."

இருபதாவது நிமிடத்தில் சொன்னேன்:
வலது இடுப்பெலும்பின் முனையில்
ஒரு நாணய அளவு வலி.
தலையாட்டினார். அதற்காகத்தான் காத்திருந்ததுபோல.

"இப்போது இறங்கு. ஓடி இறங்கு."
கையில் கடிகாரம்.
பட்டையைத் தட்டிவிட்டு எழுந்தேன்;
இருக்கையும் கூடவே எழுந்தது,
ஆமைக்கு ஓடுபோல.
யாரும் சிரிக்கவில்லை.
கொட்டகை மூலையில் தீயணைப்பான் சிவப்பாக நின்றது.
"பிடிக்கத்தான் வேண்டும்" என்றார் வோய்த்தோ,
"பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது."
ரொட்டிக் கத்தியை எடுத்தார்.
இடுப்பருகே சீவினார், பார்த்தார், மறுபடி சீவினார்.
தரையெல்லாம் மஞ்சள் பொடி.
பதினொரு நொடி. ஒன்பது. ஆறு.
ஆறைச் சுவரில் பென்சிலால் எழுதினார்.

புறப்படும்போது பார்த்தேன்:
சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள் அதை.
நாற்பத்தெட்டு வயதில்
முதன்முதலாக என் முதுகு.
நேரானது என்று நினைத்திருந்தேன்.
வலது தோள் இடதைவிட ஆழமாகப் பதிந்திருந்தது;
டிக்கெட் கருவியின் பக்கம்
பதினான்கு வருடம் திரும்பித் திரும்பி.
அந்தச் சாய்வை வோய்த்தோ சீவவில்லை.

திங்கட்கிழமை. நான்காம் எண் தடம்.
அகல இருக்கை, ஒவ்வொரு திருப்பத்திலும்
கொஞ்சம் வழுக்கினேன்.
மருத்துவமனை நிறுத்தத்தில் மணி பார்த்தேன்:
புறப்பட்டு இருபது நிமிடம்.
வலது தோளை மெல்ல உயர்த்திப் பார்த்தேன்.
சில்லறையோடு ஒருவர்
காத்திருந்தார்.